முறையில்லாத கேலி

ம்பிகா சந்தையில் எஸ்னாத் ஜெரே பழைய துணி மூட்டை பிரிக்கிற காலை என்றால் அவள் குரல் ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். மூட்டையைக் கட்டியிருக்கும் பட்டையை அறுத்துவிட்டு, மேசைமேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு கால்சட்டையைத் தலைக்கு மேல் சுழற்றுவாள்.

"வாங்க வாங்க, குரங்குதின்னிகளே! வாலுக்கு ஓட்டை விட்டுத் தச்ச கால்சட்டை வந்திருக்கு! கடல் தாண்டி உங்க அளவு கேட்டு அனுப்பியிருக்காங்க!"

கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்கள் நெருங்கி வருவார்கள். நெருங்கி வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டவரை எஸ்னாத் சும்மா அனுப்பியதாகச் சரித்திரம் இல்லை.

பக்கத்துக் கடையில் காய்ந்த சின்ன மீன் விற்கிற முசோண்டா அளவுக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டே பதில் கொடுப்பார். "ஏ எலிதின்னி! மூட்டைக்குள்ள உன் சொந்தக்காரன் ஒருத்தன் ஓடுறான் பாரு. பிடிச்சு வறுத்துக்க, மத்தியானத்துக்கு ஆச்சு!"

எஸ்னாத் கிழக்கே சிப்பாட்டாப் பக்கத்து ங்கோனி இனப் பெண். ம்பிகா பெம்பா இனத்தாரின் ஊர். இரண்டு இனத்தாரின் முன்னோர்களும் ஈட்டி எடுத்துச் சண்டை போட்டு, போட்டு, கடைசியில் அலுத்துப்போய் நாக்கால் போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கேலி முறை. ங்கோனிகள் எலி தின்னிகள், பெம்பாக்கள் குரங்கு தின்னிகள். யார் யாரை என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவர் தோற்றவர். பெரியவர்கள் இருந்தால் ஒரு கோழி அபராதமும் போடுவார்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்த கணவனோடு இந்த ஊருக்கு வந்தபோது எஸ்னாத்துக்கு ஒருவரையும் தெரியாது. இந்தக் கேலிதான் அவளுக்கு ஊரைப் பழக்கிக் கொடுத்தது. ஒருவன் உன்னை எலிதின்னி என்று கூப்பிட்டால் நீ அவனுக்கு அந்நியம் இல்லை என்று அர்த்தம். இதை அவள் அவ்வளவு உறுதியாக நம்பினாள். அதனால்தான் தன் மகள் விஷயத்தில் அவ்வளவு பெரிய தவறைச் செய்தாள்.

மகள் பெயர் தமாண்டா. பத்தாம் வகுப்பு. பள்ளி விடுமுறை நாளில் மூட்டை பிரிக்கும்போது கூட நின்று குழந்தைத் துணியைத் தனியே, சட்டையைத் தனியே பிரித்துப் போடுவாள். அப்படி ஒருநாள் நீலப் பயணப் பை ஒன்று கிடைத்தது. துணி மூட்டைக்குள் பை வருவது அபூர்வம். தமாண்டா அதன் பட்டையை இழுத்துப் பார்த்தாள், திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு கடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.

"அதை ஏன்டி அங்க மாட்டுற? நல்லா விலை போகுமே."

"எனக்கு வேணும்மா."

"எங்க போற நீ?"

"சிப்பாட்டாவுக்கு. சித்தி வீட்டுக்கு. இந்தப் பள்ளிக்கூடத் தவணை முடிஞ்சதும் அங்கயே படிக்கிறேன்."

எஸ்னாத் மேசையை விட்டு இறங்கினாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். கணவன் காய்ச்சலில் போன பிறகு அந்த வீட்டில் ஒரு குரல் கேட்கும், அதற்கு இன்னொரு குரல் பதில் சொல்லும். அந்த இன்னொரு குரல்தான் இப்போது பை தேடுகிறது.

"ஏன்?"

"சும்மா."

சும்மா என்ற பதிலை எஸ்னாத் எந்த வாடிக்கையாளரிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. 'சும்மா பார்க்க வந்தேன்' என்பவர்தான் உண்மையில் எதையோ தேடி வந்தவர் என்பது அவள் அனுபவம். ஆனால் மகளின் முகம் அன்றைக்கு மூடிய கடைபோல இருந்தது. விட்டுவிட்டாள். விட்டாளே தவிர, மனம் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. படிப்பா? மதிப்பெண் நன்றாகத்தான் இருக்கிறது. பையனா? இருந்தால் இந்த ஊரை விட்டுப் போகக் கேட்க மாட்டாளே. சிநேகிதிகளா? அவர்கள் தங்கமான பெண்கள் ஆயிற்றே!

அந்தச் சனிக்கிழமையே அந்தத் தங்கமான பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேவாலயப் பாட்டுப் பயிற்சி முடிந்து வரும் வழி. என்காண்டு முன்னால், முவாங்கோ பின்னால். என்காண்டு நல்ல வளர்த்தி, நல்ல சிரிப்பு, பெரியவர்களைக் கண்டால் முழங்காலை மடக்கி வணக்கம் சொல்லத் தெரிந்த பெண். எஸ்னாத் பொரித்த மாவுருண்டையும் தேநீரும் வைத்தாள்.

என்காண்டு ஓர் உருண்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இதுல வால் ஏதாவது இருக்குமா? பாத்துக் கடிக்கணுமா?"

எஸ்னாத்துக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்தது. "வால் எங்களுக்கு எதுக்குடி? அதான் உங்ககிட்ட நீளமா தொங்குதே! உக்காரும்போது மடக்கிட்டு உக்காரு, யாராச்சும் மிதிச்சிடப் போறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்னாத்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். தமாண்டா கோப்பைகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கோப்பைகளில் இன்னும் தேநீர் மிச்சம் இருந்தது.

அவர்கள் போன பிறகு எஸ்னாத் சொன்னாள், "எவ்வளவு கலகலப்பான பொண்ணுங்க! இவங்கள விட்டுட்டா போகணும்ங்கிற?"

தமாண்டா கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "நீயும் சேர்ந்து சிரிச்சம்மா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எஸ்னாத்துக்கு அந்த ஒரு வாக்கியம் மீன் முள்போலத் தொண்டையில் நின்றது.

"சிரிச்சா என்ன? முறை கேலிதானே?"

"அப்படித்தான் அவங்களும் சொல்றாங்க."

"சரி. அவங்க என்னதான் பண்றாங்க? அடிக்கிறாங்களா?"

"இல்ல."

"உன் சாமானை எடுக்கிறாங்களா?"

"ஒண்ணும் பண்ணலம்மா. காலைத் தூக்குவாங்க."

"காலையா?"

தமாண்டா முக்காலியில் உட்கார்ந்து காட்டினாள். வகுப்பில் அவள் தன் இடத்துக்கு வரும்போது அந்த வரிசையில் இருப்பவர்கள் பாதத்தைத் தரையிலிருந்து கொஞ்சம், ஒரு விரல் அளவுக்கு, உயர்த்துவார்களாம். எலி ஓடினால் தூக்குவோமே, அதுபோல. அவள் உட்கார்ந்ததும் இறக்கிவிடுவார்கள். அவள் பதில் சொல்ல எழுந்தால் எங்கிருந்தோ ஒரு 'ச்சிக்' வரும். உதடு அசையாமல் நாக்காலேயே செய்கிற சத்தம். ஆசிரியர் காதில் விழாது. விழுந்தாலும் என்னவென்று கேட்பார்?

"நீ திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே! குரங்குன்னு சொல்லு, வாலுன்னு சொல்லு. உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

"சொன்னேன்மா. ஒரு தடவை சொன்னேன். எல்லாரும் பேசாம ஆயிட்டாங்க. 'ஏன் இவ்வளவு கோவம், விளையாட்டுக்குத்தானே சொன்னோம்'னு என்காண்டு கேட்டா. அப்புறம் ஒரு வாரம் எனக்கு முன்னாலயே நடந்து போனாங்க. நான் வேகமா நடந்தா அவங்களும் வேகமா நடப்பாங்க."

எஸ்னாத்துக்கு முதலில் வந்தது கோபம். பள்ளிக்கூடத்துக்கே போய் மேசைமேல் ஏறி நின்று கத்தலாமா என்று தோன்றியது.

"அதை மட்டும் பண்ணாத!" தமாண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வந்து கத்தினா, 'பாத்தியா, அம்மாவும் பொண்ணும் கோவக்காரங்க, கேலி தாங்காதவங்க'ன்னு ஊரே சொல்லும். அப்புறம் உன் கடையிலயும் யாரும் சிரிக்க மாட்டாங்க."

அது உண்மைதான். எஸ்னாத் அன்று மாலை முழுவதும் துணி மடித்துக்கொண்டே 'ச்சிக்', 'ச்சிக்' என்று நாக்கால் செய்து பார்த்தாள். இவ்வளவு சின்னச் சத்தம். தன்னை முசோண்டா ஒரு நாளில் எத்தனை தடவை எலி என்கிறார்! ஒருமுறைகூட வலித்ததில்லை. மகளுக்கு வலிக்கிறது. வார்த்தை ஒன்றுதான், மிருகம் ஒன்றுதான். பிறகு வித்தியாசம் எதில் இருக்கிறது?

கோபத்தைவிட இந்தக் கேள்வி அவளை அதிகமாகப் பிடித்துக்கொண்டது.

அடுத்த சந்தை நாளில் அவள் ஒரு வேலை செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. முசோண்டா வழக்கம்போலக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு, "ஏ எலிதின்னி, ராத்திரி எந்தப் பொந்துல தூங்கின?" என்றார். எஸ்னாத் பதில் சொல்லவில்லை. ஒரு சட்டையை எடுத்து உதறினாள்.

"ஓய்! வாலைப் பூனை கவ்விடுச்சா?"

பதில் இல்லை.

முசோண்டா கிண்ணத்தைக் கீழே வைத்தார். இவளைப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளருக்கு மீன் அளந்து கொடுத்தார். கொடுக்கும்போதும் இவளையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கடையை விட்டு எழுந்து வந்தார்.

"தமாண்டா அம்மா. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"காய்ச்சலா? பொண்ணுக்கு ஏதாச்சுமா? நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"ஒண்ணுமில்லண்ணே."

'அண்ணே' என்று அவள் அழைத்ததைக் கேட்டதும் மனுஷன் உண்மையாகவே பயந்துவிட்டார். பிற்பகலில் ஒரு காகிதத்தில் மீன் பொட்டலம் கட்டி அவள் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். கடை மூடும் நேரத்தில் எஸ்னாத்துக்கே பாவமாகிவிட்டது.

"ஏ குரங்குதின்னி! இந்த மீனையெல்லாம் மரத்து மேல உக்காந்தா பிடிச்ச?"

முசோண்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "பாவி! உசிரு போயிடுச்சு எனக்கு! உனக்கும் ஒரு குழி வெட்டணுமோன்னு நினைச்சுட்டேன்!"

எஸ்னாத் அந்த வார்த்தையோடு வீட்டுக்கு நடந்தாள். அவள் கணவன் இறந்தபோது குழி வெட்டியவர் முசோண்டாதான். துக்க வீட்டில் கணவனின் ரயில்வே தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவன் நடப்பதுபோலவே தோளைச் சாய்த்து நடந்து காட்டி, அழுதுகொண்டிருந்த அவளைச் சிரிக்க வைத்தவரும் அவர்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். முறைக்காரன் என்றால் அதுதான். கேலி செய்கிற வாய் ஒரு நாள் வேலையும் செய்ய வேண்டும்.

வீட்டில் சோளக்களியும் அந்த மீனும் வைத்துச் சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் மகளிடம் சொன்னாள். அறிவுரையாகச் சொல்லவில்லை. சந்தைக் கதையாகத்தான் சொன்னாள். தமாண்டா களியை உருட்டிய கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவரு உன் முகத்தையே பாத்துட்டு இருந்தாரா?"

"மீன் அளக்கும்போதுகூட. அளவு கூடிப்போச்சு, வாங்கின பொம்பளைக்கு நல்ல லாபம்."

தமாண்டா சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். அப்புறம் யோசனையில் ஆழ்ந்துவிட்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, தமாண்டா கடைக்கு வந்து, பள்ளிப் பையை முதுகிலிருந்து இறக்காமலேயே, மூச்சு வாங்கச் சொன்னாள். "அம்மா, நானும் பாத்தேன். பதில் சொல்லாம, யாரு எதைப் பாக்கிறாங்கன்னு மட்டும் பாத்தேன்."

"யாரு பாத்தா உன்ன?"

"என்காண்டு என் முகத்தைப் பாக்கவே இல்ல. காலைத் தூக்கிட்டு மத்தவங்க முகத்தைத்தான் பாக்கிறா. அவங்க சிரிக்கிறாங்களான்னு. முவாங்கோ காலைத் தூக்குறா, ஆனா தரையையே பாக்கிறா."

எஸ்னாத் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். இது அவளுக்குத் தோன்றவே இல்லை. "அப்போ அந்தக் கேலி உனக்கே இல்லையே. நீ சும்மா நடுவுல நிக்கிற."

"ஆமா. நான் இல்லன்னா வேற யாரையாவது நிறுத்துவா."

ஆனாலும் நீலப் பை ஆணியிலேயே தொங்கியது. ஏன் வலிக்கிறது என்று தெரிந்துவிட்டால் வலி போய்விடுமா? எஸ்னாத் தினமும் கடை மூடும்போது அதைப் பார்ப்பாள். எடுத்து விற்கவும் மனம் வரவில்லை, மாட்டியே வைக்கவும் மனம் வரவில்லை.

தவணை முடியப் போகும் சமயத்தில் என்காண்டுவின் பெரியப்பா இறந்துபோனார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஸ்னாத்தின் கணவனோடு வேலை செய்தவர். பெம்பா வீட்டில் சாவு என்றால் ங்கோனி முறைக்காரர்கள் போய்த்தான் ஆக வேண்டும். போய், வாசலில் நின்று கேலி பேசி, பிறகு பானை தேய்த்து, தண்ணீர் சுமந்து கொடுக்க வேண்டும். எஸ்னாத் இடுப்பில் சிட்டெங்கே என்கிற அச்சடித்த சுற்றுத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"நீ வர வேண்டாம் கண்ணு. நான் போயிட்டு வர்றேன்."

எஸ்னாத் படலைத் தாண்டியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவளும் துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"முறைன்னா என்னன்னு முழுசாப் பாத்துடறேன்" என்றாள்.

துக்க வீட்டில் ஆண்கள் வெளியே தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எஸ்னாத் வாசலிலேயே நின்று குரலை எடுத்தாள். "ஏ குரங்குதின்னிகளா! உங்க ஆளைத் தூக்கக்கூட எலிதின்னிகதான் வரணுமா? நீங்கல்லாம் எப்போ மரத்த விட்டு இறங்கப் போறீங்க?"

தீயருகே இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். "வந்துட்டாங்கப்பா! சாப்பாட்டு வாசனை பிடிச்சு வந்துட்டாங்க! தானிய மூட்டையை மூடி வைங்க!"

உள்ளே பெண்கள் தரையில் காலை நீட்டிச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இறந்தவரின் மனைவி. பக்கத்தில் இறந்தவரின் தங்கை, என்காண்டுவின் அத்தை, பாட்டுக்குழுவில் எல்லோரையும் அதட்டுகிற கனத்த சரீரம். மூலையில் என்காண்டு, அழுது வீங்கிய கண்களோடு. அவள் தோளில் முவாங்கோ. அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும்.

தமாண்டா நிலைப்படியில் நின்றாள். எஸ்னாத்துக்கு மகளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு ஒருமுறை மூச்சை இழுத்தது.

"எல்லாரும் காலைத் தூக்குங்க!" என்றாள் தமாண்டா சத்தமாக. "எலி வருது!"

பிறகு அந்த அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள். "ஐயையோ, எலி!" என்று கத்திக்கொண்டு இரண்டு கனத்த கால்களையும் மேலே தூக்கினாள். அறை முழுக்கப் பெண்கள் சிரிப்பும் அழுகையுமாகக் காலைத் தூக்கினார்கள். இறந்தவரின் மனைவிகூடத் தூக்கினாள். முவாங்கோ சுற்றிப் பார்த்துவிட்டுத் தூக்கினாள். என்காண்டு மட்டும் தூக்கவில்லை.

"நீ ஏன் தூக்கல? பள்ளிக்கூடத்துல நல்லாத் தூக்குவியே" என்றாள் தமாண்டா. குரலில் கோபம் இல்லை. எஸ்னாத் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை காலை இறக்கினாள். "பள்ளிக்கூடத்துலயும் இந்த விளையாட்டு உண்டா? நல்லதாப் போச்சு! நீ என்ன பதில் சொல்லுவ, எலி?"

"பதில் சொன்னாக் கோவிச்சுக்குவாங்க அத்தை. அப்புறம் என்கூட நடக்க மாட்டாங்க."

அத்தையின் முகத்தில் சிரிப்பு மெதுவாக அடங்கியது. "கோவமா? முறைக்காரிகிட்டயா?" என்காண்டு பக்கம் திரும்பினாள். "ஏய், நிஜமா?"

என்காண்டு தலை குனிந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் விழுந்தது. பெரியப்பாவுக்காகவா, இதற்காகவா என்று யாருக்கும் தெரியாது. துக்கத்தில் இருக்கிற குழந்தை. மகள் இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் அதிகமாகிவிடும். சொல்வாளோ?

"கோழி தரணும் நீ" என்றாள் அத்தை என்காண்டுவிடம். "குறிச்சு வச்சுக்க."

"கோழி இருக்கட்டும் அத்தை" என்றாள் தமாண்டா. "குடம் எங்க இருக்கு?"

அன்று பகல் முழுவதும் அவள் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தாள். எஸ்னாத் கொல்லையில் பெரிய பானையில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கரி படிந்த அண்டா ஒன்றைத் தமாண்டா தனியாக இழுத்துக்கொண்டு வந்தபோது முவாங்கோ ஓடி வந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து மணல் போட்டுத் தேய்த்தார்கள்.

"எல்லாரும் தூக்கினாங்கன்னு நானும் தூக்கினேன்" என்றாள் முவாங்கோ.

"தெரியும், குரங்குதின்னி."

முவாங்கோ நிமிர்ந்தாள். தமாண்டாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, மெல்லிய குரலில், அனுமதி கேட்பதுபோல, "எலிதின்னி" என்றாள்.

எஸ்னாத் களியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். யாரோ, "தமாண்டா அம்மா, அடிபிடிக்குது!" என்று கத்தினார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வகுப்பில் யாரும் காலைத் தூக்குவதில்லை. ஆனால் என்காண்டு தமாண்டாவோடு பேசுவதும் இல்லை. அவள் வேறு இரண்டு பெண்களோடு நடக்கிறாள். துக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஒரு பெட்டைக் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சந்தைக்கு வந்தாள். "அத்தை குடுக்கச் சொன்னாங்க" என்று மேசைமேல் வைத்தாள். கோழி ஒரு குழந்தைச் சட்டையின்மேல் எச்சமிட்டது.

"வீட்டுக்கு வாயேன். சேர்ந்து சமைக்கலாம்" என்றாள் தமாண்டா.

"வேலை இருக்கு" என்றாள் என்காண்டு. இரண்டடி போனவள் திரும்பித் தமாண்டாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

"பாத்தியாம்மா?" என்றாள் தமாண்டா.

"பாத்தேன். அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியல. பாக்கலாம்."

தவணை முடிந்த அடுத்த மூட்டை நாள். எஸ்னாத் பட்டையை அறுத்துவிட்டுக் குனிந்து துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேசை ஆடியது. நிமிர்ந்து பார்த்தால் தமாண்டா மேலே ஏறி நிற்கிறாள். கையில் நீலப் பை.

"வாங்க, குரங்குதின்னிகளே!" குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது. பிறகு நிலைத்தது. "வால் முழுசா உள்ள போற பை! மடக்க வேண்டாம், சுருட்ட வேண்டாம்!"

முசோண்டா கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றார். "அடியேய், ஒரு எலியையே சமாளிக்க முடியல, இப்போ குட்டியும் வாயைத் திறந்துடுச்சா!" என்று கத்தினார். கத்திவிட்டு, வழக்கம்போல, அவள் முகத்தைப் பார்த்தார்.

பை அன்றைக்கே விலை போனது.